வாசகர் கேள்வி: எத்தனை மெகாவாட் என்று அல்ல, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

இலங்கையின் மின்நிலையங்கள் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே சந்தேகத்தைச் சுற்றி வருகின்றன: இத்தனை மெகாவாட் நிறுவியிருக்கிறார்களே, பிறகு ஏன் தட்டுப்பாடு? பெயர்ப்பலகையில் இருக்கும் மெகாவாட் ஒரு மின்நிலையத்தின் உச்ச வலுவை மட்டுமே சொல்லும். எந்த மாதத்தில், எந்த மணிக்கு அது கிடைக்கும் என்பதைச் சொல்லாது. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த வேறுபாட்டைப் பற்றியவைதான்.

மழைக்காலத்தில் லக்சபான பக்கம் வான்கதவுகளைத் திறந்துவிடுகிறார்கள். அதே நாளில் நுரைச்சோலையில் நிலக்கரியும் எரிகிறது. தண்ணீரை வீணாக்கிவிட்டுக் காசு கொடுத்து வாங்கிய கரியை ஏன் எரிக்க வேண்டும்?
— வாசகர், ஹட்டன்

வான்கதவு திறந்த செய்தி வந்தால், எந்த நீர்நிலையின் கதவு என்று முதலில் பாருங்கள். லக்சபான தொகுதியில் பெரிய தேக்கங்கள் இரண்டே: கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ, மஸ்கெலி ஓயாவில் மவுசாகலை. விமலசுரேந்திர (நோட்டன்), கெனியன், லக்சபான ஆகிய மற்றவையெல்லாம் சிறு குளங்கள். சில மணி நேர ஓட்டத்துக்கு மேல் அவற்றில் பிடித்துவைக்க முடியாது. இந்தக் குளங்களுக்கு மேலிருந்து விடப்படும் நீர் மட்டுமல்ல, சுற்றியுள்ள மலைச்சரிவுகளின் மழைநீரும் நேரே வந்து விழும். கீழே உள்ள சுழலிகள் முழு வலுவில் ஓடினாலும் விழுங்க முடியாத அளவு நீர் வந்துவிட்டால் கதவைத் திறப்பதைத் தவிர வழியில்லை. அந்த நேரத்தில் மவுசாகலை பாதிதான் நிரம்பியிருக்கவும் கூடும்.

நீர் போகும் வழியையும் சொல்லிவிடுகிறோம். காசல்ரீ நீர் விமலசுரேந்திர நிலையத்தில் 50 மெகாவாட் தந்து நோட்டன் குளத்தில் விழுகிறது. அங்கிருந்து பழைய லக்சபானவுக்குப் போகிறது. அது ஏறக்குறைய 54 மெகாவாட். மறுபக்கம் மவுசாகலை நீர் கெனியனில் 60, பிறகு புதிய லக்சபானவில் 116. இரண்டு ஓட்டங்களும் லக்சபான குளத்தில் சேர்ந்து பொல்பிட்டியவில் 90, கடைசியாக புரோட்லண்ட்ஸில் 35 மெகாவாட் தந்துவிட்டுக் களனி கங்கையில் கலக்கின்றன. ஒரே நீர் நான்கு முறை உழைக்கிறது. 1918இலேயே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலையின் நீர்வலுவைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார். முதல் மின்சாரம் வர 1950 ஆனது.

இவை அத்தனையையும் கூட்டினால் 405 மெகாவாட். நாட்டின் மாலை உச்சத் தேவையோ 2,500 மெகாவாட்டைத் தாண்டும். ஆக, லக்சபான தொகுதி நூற்றுக்கு நூறு ஓடினாலும் தேவையில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மகாவலி, சமனலவெவ, குக்குலே, உமா ஓயா எல்லாம் சேர்த்தால் பெரிய நீர்மின் நிலையங்களின் மொத்தம் 1,500 மெகாவாட் அளவில் வரும். ஆனால் எல்லாவற்றுக்கும் மழை ஒரே மாதத்தில் பெய்வதில்லை. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியவை. ரந்தெனிகலவும் உமா ஓயாவும் வடகீழ்ப் பருவமழையை அதிகம் எதிர்பார்ப்பவை.

இன்னொரு காரணம் நிலக்கரி அலகின், அதாவது கொதிகலனும் சுழலியும் சேர்ந்த ஓர் உற்பத்தித் தொகுதியின், சுபாவம். 300 மெகாவாட் அலகைப் பாதிச் சுமை அளவுக்கு இறக்கலாம். அதற்கும் கீழே போனால் உலையின் சுவாலை நிலைகொள்ளாது. டீசல் தெளித்துத் தாங்கிப் பிடிக்க வேண்டிவரும். மழை ஒரு வாரம் கொட்டுகிறது என்பதற்காக அதை முழுதாக நிறுத்தினால், திரும்ப எடுப்பதற்குச் செலவாகும் எண்ணெயும் தேய்மானமும் மிச்சப்படுத்திய கரியைத் தின்றுவிடும். ஆகவே பருவமழைக் காலத்தில் ஓர் அலகைத் திட்டமிட்ட பராமரிப்புக்கு நிறுத்துவதே உகந்தது. மற்றவை குறைந்த சுமையில் ஓடும்.

ஓர் அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பொல்கொல்லயில் நீரைத் திருப்பினால் மின்சாரம் குறைகிறது என்கிறார்களே, உண்மையா?
— மாணவர், கண்டி

கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் நீர் 1,000 கிலோகிராம். அது விழும் உயரத்தை மீட்டரில் எடுத்து, 9.81 ஆலும் 1,000 ஆலும் பெருக்கினால் ஜூல் கிடைக்கும். 36 லட்சம் ஜூல் ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாட் மணி. விக்டோரியாவில் அதிகபட்ச வீழ்ச்சி ஏறக்குறைய 190 மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 0.52 அலகு, சுரங்க உராய்வு, சுழலி, மின்பிறப்பாக்கி இழப்புகளைக் கழித்தால் 0.45 அளவு. அதாவது ஓர் அலகுக்கு 2,200 லீற்றர். புதிய லக்சபானவில் வீழ்ச்சி 500 மீட்டருக்கு மேல் என்பதால் 900 லீற்றருக்குள் அதே அலகு வந்துவிடும். தேக்கத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க வீழ்ச்சியும் குறையும். ஆகவே வறட்சியில் இரட்டை நட்டம்: நீரும் குறைவு, ஒவ்வொரு லீற்றரும் தரும் மின்சாரமும் குறைவு.

பொல்கொல்ல பற்றிக் கேள்விப்பட்டது உண்மைதான். கொத்மலையிலிருந்து வரும் மகாவலி நீர் பொல்கொல்ல அணையில் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர வேண்டும். நேரே ஓடவிட்டால் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று மூன்று நிலையங்கள். மொத்த வீழ்ச்சி 300 மீட்டரை நெருங்கும். சுரங்கம் வழியே வடக்கே திருப்பினால் உக்குவெல, போவத்தென்ன. அங்கே மொத்தம் 130 மீட்டர் அளவு. மின்சாரம் பாதிக்கும் கீழே போகிறது. ஆனால் வடக்கே போகும் நீர் வடமத்திய மாகாண வயல்களுக்கு உயிர். மகாவலித் திட்டத்தில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் அடுத்த இடத்தில்தான் மின்சாரம். அந்த வரிசை சரியானது என்பதே எங்கள் கருத்தும். ஒரு கன மீட்டர் நீர் தரும் அரை அலகை எண்ணெய் எரித்தும் எடுக்கலாம். வெடித்த வயலுக்கு எண்ணெய் ஊற்ற முடியாது.

நுரைச்சோலைக்குக் கப்பல் வருவது குறிப்பிட்ட மாதங்களில் மட்டும்தான் என்கிறார்கள். வருடம் முழுவதும் கொண்டுவரத் தடை என்ன? தரம் குறைந்த கரி வந்தால் என்ன ஆகும்?
— வாசகர், புத்தளம்

தடை கடல்தான். நுரைச்சோலையில் பெரிய கப்பல் கட்டும் ஆழ்துறை இல்லை. 60,000 தொன் அளவு ஏற்றிய கப்பல் ஆழ்கடலில் நங்கூரமிடும். அங்கே கரியைப் பார்ஜ் படகுகளில் இறக்கி, கரையோர இறங்குதுறைக்கு இழுத்துவந்து, பட்டிவழியே களத்துக்கு அனுப்புகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அலையில் பார்ஜைக் கப்பலோடு அணைக்கவே முடியாது. எனவே செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரைதான் இறக்கும் காலம்.

அளவைப் பாருங்கள். ஒரு கிலோ கரியில் 6,000 கிலோகலோரி இருந்தால் அது வெப்பமாக 7 அலகு. நிலையத்தின் வினைத்திறன் 38 சதவீதம் என்று வைத்தால் கையில் வருவது 2.65 அலகு. ஓர் அலகு மின்சாரத்துக்கு 380 கிராம் கரி. 300 மெகாவாட் அலகு ஒன்று 24 மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் 2,700 தொன். நுரைச்சோலையின் மூன்று உற்பத்தி அலகுகளும் ஓடினால் 8,000 தொன்னைத் தாண்டும். ஒரு கப்பல் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கடல் கொந்தளிக்கும் ஐந்து மாதங்களுக்கு, ஓர் அலகைப் பராமரிப்புக்கு நிறுத்தினாலும்கூட, 8 லட்சம் தொன் களத்தில் குவிந்திருக்க வேண்டும். ஒக்டோபரில் கேள்விப்பத்திர இழுபறியால் நான்கு கப்பல் பிந்தினால், அதன் விளைவு அடுத்த ஓகஸ்டில்தான் தெரியும். செய்தியில் பலரும் தவறவிடும் இடம் இது.

இவ்வளவு கரியை வெயிலில் குவிப்பதும் சும்மா இல்லை. குவியலுக்குள் காற்று புகுந்தால் கரி மெல்ல ஒக்சிசனோடு சேர்ந்து தானாகவே சூடேறிப் புகையத் தொடங்கும். புல்டோசரால் படைபடையாக அழுத்தி இறுக்குவது, பழைய குவியலை முதலில் எடுப்பது, குவியலுக்குள் வெப்பமானி செருகிப் பார்ப்பது, சூடேறிய பகுதியை வெட்டிப் பரப்பி ஆறவைப்பது ஆகியவையே வழக்கமான காப்பு. மேலே தண்ணீர் தெளிப்பது தூசியை அடக்கும். உள்ளே எரிவதை அணைக்காது.

தரம் குறைந்தால்? 6,000க்குப் பதில் 5,500 கிலோகலோரிக் கரி வந்தால் அதே மின்சாரத்துக்கு 9 சதவீதம் கூடுதலாக எரிக்க வேண்டும். விலையைக் குறைத்து வாங்கினால் சரிதானே என்று தோன்றும். ஆனால் கரியை மாவாக அரைக்கும் ஆலைகள் மணிக்கு இவ்வளவு தொன் என்ற எல்லை உடையவை. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் 300 மெகாவாட் அலகு 270இல் நின்றுவிடும். சாம்பல் அதிகம் என்றால் கொதிகலன் குழாய்களில் படிவு ஏறும், சாம்பல் அகற்றும் தொகுதி திணறும், குழாய் தேய்ந்து கசியும். விட்டுப்போன 30 மெகாவாட்டை மாலையில் எண்ணெய் நிலையம் ஈடுசெய்யும்போது, கரியில் கிடைத்த தள்ளுபடி காணாமல் போகும்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் முழு நாடும் இருண்டது என்றார்கள். ஒரு குரங்கு எப்படி நுரைச்சோலை வரை நிறுத்த முடியும்? அதன் பிறகு நாட்கணக்கில் மின்வெட்டு ஏன்?
— வாசகர், வவுனியா

குரங்கு தொடக்கிவைத்தது மட்டும்தான். எந்த மின் உபநிலையத்திலும் குறுஞ்சுற்று நடக்கும். பறவை, பாம்பு, மரக்கிளை, பழுதான காவலி எதுவும் காரணமாகலாம். அந்தப் பகுதியை மட்டும் ஒரு நொடிக்குள் வெட்டிவிட்டு மற்ற நாடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அன்று அப்படி நடக்காததற்குக் காரணம் நாளும் நேரமும்: ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்கு முன், நல்ல வெயில். அலுவலகமும் தொழிற்சாலையும் மூடிக் கிடந்ததால் தேவை குறைவு. அதில் பெரும் பகுதியைக் கூரைச் சூரிய மின்சாரம் தந்துகொண்டிருந்தது. சுழலும் கனமான இயந்திரங்கள் சிலவே இணைப்பில் இருந்தன.

இது ஏன் ஆபத்து? எங்கள் வலையமைப்பின் மீடிறன், அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் மாறி மாறி ஓடும் தடவை, 50 ஹெர்ட்ஸ். உற்பத்தி திடீரெனக் குறைந்தால், அந்த இடைவெளியை முதல் ஓரிரு நொடி நிரப்புவது சுழலும் இயந்திரங்களில் சேர்ந்திருக்கும் இயக்கசக்திதான். அதைக் கொடுக்கும்போது அவை மெதுவாகும், மீடிறன் விழும். மாதிரிக் கணக்கு ஒன்று: 1,500 எம்விஏ (இயந்திரத்தின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) அளவு சுழல் இயந்திரங்கள் இணைந்திருக்கின்றன, அவற்றின் சடத்துவ மாறிலி (சேர்ந்திருக்கும் இயக்கசக்தி முழு வலுவை எத்தனை நொடி தரும் என்ற அளவு) 4 நொடி, 300 மெகாவாட் அறுந்துபோகிறது. 300ஐ 50ஆல் பெருக்கி, 2 × 4 × 1,500ஆல் வகுத்தால் நொடிக்கு 1.25 ஹெர்ட்ஸ் வீழ்ச்சி. சுழலும் இயந்திரம் பாதியாக, அதாவது 750 எம்விஏ ஆக இருந்தால் நொடிக்கு 2.5 ஹெர்ட்ஸ். நீர்ச்சுழலியின் வாயில் திறந்து நீரோட்டம் கூடுவதற்கே சில நொடிகள் பிடிக்கும். அதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

மீடிறன் 48.75 ஹெர்ட்ஸுக்கு வந்ததும் உபநிலையங்களில் உள்ள ரிலேக்கள் (தானாக வெட்டும் பாதுகாப்புக் கருவிகள்) படிப்படியாக 33 கிலோவோல்ட் மின்வழிகளைத் துண்டித்துத் தேவையைக் குறைக்கும். பகலில் அதிலும் ஒரு சிக்கல். துண்டிக்கப்படும் வழியில் ஆயிரம் கூரைகள் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தால், தேவையோடு உற்பத்தியையும் சேர்த்தே வெட்டுகிறோம். நினைத்த பலன் கிடைக்காது. அந்த வழி வெளியே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கூடவே, குறுஞ்சுற்றின்போது வோல்டேஜ் சரிந்ததைக் கண்டு, கூரைச் சூரிய மின்சாரத்தை வலையமைப்புக்கு ஏற்றவாறு மாற்றும் இன்வேட்டர்கள் கூட்டமாக விலகிவிடும். துண்டிப்பு ரிலேக்களின் பட்டியலை மாலைச் சுமையைப் பார்த்துப் போட்டுவிட்டு நண்பகலில் அதையே நம்பியிருப்பது இனி உதவாது. ஒவ்வொரு வழியிலும் அந்த நேரத்து உண்மையான ஓட்டத்தை அளந்து தேர வேண்டும்.

இருண்ட பிறகு நடப்பது இதுதான். முதலில் உபநிலையங்களின் சுற்றுடைப்பிகளைத் திறந்துவைப்பார்கள். இல்லாவிட்டால் முதல் இயந்திரத்தின் தலையில் முழு நாட்டுச் சுமையும் விழும். பிறகு வெளி மின்சாரம் இல்லாமலே தொடங்கக்கூடிய நீர்மின் நிலையங்கள் எழும். சிறிய டீசல் மின்பிறப்பாக்கி எண்ணெயழுத்தப் பம்பை ஓட்டும், மின்கல அடுக்கு சுருள்களுக்கு முதல் மின்னோட்டம் தரும், வாயில் திறக்கும். சில நிமிடங்களில் இயந்திரம் தயார். அடுத்து ஒரு நீண்ட வழிக்கு உயிர் கொடுக்க வேண்டும். சுமையில்லாத நீண்ட வழியின் மறுமுனையில் வோல்டேஜ் ஏறிவிடும் என்பதால் இயந்திரத்தைக் குறைந்த வோல்டேஜில் வைத்தே தொடங்குவார்கள். சுமையைச் சிறு சிறு துண்டுகளாக, 5 அல்லது 10 மெகாவாட்டாகச் சேர்க்க வேண்டும். மணிக்கணக்கில் அணைந்திருந்த பகுதியில் குளிர்சாதனப் பெட்டியும் நீர்ப்பம்பும் ஒரே நேரத்தில் எழுவதால், வழக்கமாக 5 மெகாவாட் எடுக்கும் வழி முதல் நிமிடங்களில் 8 கேட்கும். அவசரப்பட்டுப் பெரிய துண்டைச் சேர்த்தால் எழுப்பியதும் விழும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். லக்சபான, மகாவலி என்று தனித்தனித் தீவுகளாக எழுப்பியவற்றை மீடிறன், வோல்டேஜ், கட்டம் (அலை ஏறி இறங்கும் நேரம்) மூன்றும் பொருந்தும் கணத்தில் இணைப்பார்கள்.

நாட்கணக்கு மின்வெட்டுக்குக் காரணம் நுரைச்சோலை. நாடு இருளும்போது அந்த நிலையத்தின் சொந்தப் பம்புகளும் நின்றுவிடும். கடல்நீர் ஓட்டம் நின்றால், ஆவியை மீண்டும் நீராக்கும் ஒடுக்கியில் நீராவி குளிராது. உள்ளே வெற்றிடம் போய் அழுத்தம் ஏறும். சுழலியின் உறை பிளக்காமல் இருக்க, மெல்லிய பாதுகாப்புத் தகடுகள் கிழிந்து ஆவியை வெளியே விடும். கிழிவதுதான் அவற்றின் வேலை. ஆனால் மாற்றுவதற்கு ஆற வேண்டும், திறக்க வேண்டும், புதிதைப் பொருத்திக் கசிவு பார்க்க வேண்டும். 540 பாகையில் ஓடிய சுழலித்தண்டை அப்படியே நிற்க விட்டால் மேற்புறமும் கீழ்ப்புறமும் வெவ்வேறாகக் குளிர்ந்து வளையும். அதனால் மின்கலத்தில் ஓடும் எண்ணெய்ப் பம்பை வைத்து, நிமிடத்துக்கு ஓரிரண்டு சுற்றாவது சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மீண்டும் தொடங்கும்போது டீசலில் கொதிகலனை மெதுவாகச் சூடாக்கி, தடித்த உலோகம் சீராக விரியவிட்டு, அதன் பிறகே கரி ஆலைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். மூன்று அலகுகளும் ஒருசேர விழுந்தால் 900 மெகாவாட் இல்லை. பெப்ரவரி 9க்குப் பின் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது அதனால்தான். 2021 டிசம்பரில் நாடு இருண்டபோதும் இதே கதைதான்.

அணுமின் நிலையம் ஒன்றைக் கட்டினால் எல்லாம் தீராதா?
— வாசகர், நீர்கொழும்பு

வழக்கமான அணு உலை ஒன்று 1,000 மெகாவாட். இரவு இரண்டு மணிக்கு எங்கள் நாட்டின் மொத்தத் தேவையே ஏறக்குறைய அவ்வளவுதான். 300 மெகாவாட் அறுந்ததற்கே மேலே சொன்ன பாடு. ஒரே இயந்திரம் நாட்டின் தேவையில் பெரும் பங்கைத் தாங்கினால், அது நிற்கும் நாளுக்கு அதே அளவு காத்திருப்பு வலுவும் வேண்டும். சிறிய உலைகள் பற்றிப் பேசலாம். அதுவும் வலையமைப்பு வளர்ந்த பிறகு.

கெரவலப்பிட்டிய நிலையம் இயற்கை வாயுவுக்கென்று கட்டியது. இன்னும் எண்ணெய்தானாமே?
— வாசகர், வத்தளை

ஆம். 300 மெகாவாட் யுகதனவி கூட்டுச் சுற்று நிலையம்: இரண்டு வாயுச் சுழலிகள், அவற்றின் புகைபோக்கி வெப்பத்தில் நீராவி எடுத்து ஓடும் ஒரு நீராவிச் சுழலி. கூடுதல் எரிபொருளே இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் அந்த மூன்றாவதில் வருகிறது. கூட்டுச் சுற்றின் ஆதாயம் அதுதான். பக்கத்தில் 350 மெகாவாட் சோபதனவியும் வந்துவிட்டது. திரவ இயற்கை வாயுவை இறக்கும் முனையமும் குழாய்வழியும் இல்லாமல் இரண்டும் எண்ணெயை நம்பி நிற்கின்றன. கனத்த எண்ணெயில் வனேடியம், சோடியம் உண்டு. சுழலியின் தகடுகளை அரிக்கும். அதனால் எண்ணெயை முன்கூட்டியே கழுவி, மக்னீசியம் சேர்த்து, எரிவெப்பத்தைக் குறைத்து ஓட்டுகிறார்கள். சேரும் படிவை அகற்ற அடிக்கடி நிறுத்திக் கழுவ வேண்டும். வினைத்திறன், கிடைக்கும் நாட்கள், பணம் மூன்றிலும் இழப்பு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது மின்நிலையங்கள் இருந்தன. ஊற்றுவதற்கு எண்ணெயும் அதை வாங்க டொலரும்தான் இல்லை.

மன்னார்க் காற்றாலைகள் சில மாதம் வேகமாகச் சுற்றுகின்றன, சில மாதம் சும்மா நிற்கின்றன. இதில் இலாபம் உண்டா?
— வாசகர், தலைமன்னார்

உண்டு. மன்னாரின் தம்பபவானி காற்றாலை மின்நிலையத்தில் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. திறந்தது 2020 டிசம்பரில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று இடைவிடாமல் வீசும். வடகீழ்க் காற்றுக் காலத்தில் நடுத்தரம். இடைப்பட்ட மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில்தான் தொய்வு. நுரைச்சோலைக்குக் கப்பல் வர முடியாத அதே ஐந்து மாதத்தில் மன்னாரில் காற்று உச்சத்தில் இருப்பது நல்ல பொருத்தம்: களத்துக் கரி மெதுவாகக் கரையும். குறை என்னவென்றால், லக்சபானவில் நீர் வழிவதும் அதே மாதங்களில். மார்ச், ஏப்ரல் வறட்சியில் காற்றும் நீரும் சேர்ந்தே கைவிடுகின்றன. அந்த இரண்டு மாதங்களைப் பகலில் வெயில் தாங்கும், மாலையில் கரியும் எண்ணெயும்தான்.

காற்றின் வலு வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். நொடிக்கு 8 மீட்டர் காற்று 6 ஆனால் வலு பாதிக்கும் கீழே. "காற்று கொஞ்சம்தானே குறைந்தது, ஏன் இப்படி?" என்ற உங்கள் ஊர்க் கேள்விக்குப் பதில் அது. மன்னார் வலசைப் பறவைகளின் வழி என்பதால், கூட்டம் நெருங்குவதைக் கண்டு காற்றாலைகளை நிறுத்த ராடார் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்கிறதா என்று கேட்பதற்கு ஊர்மக்களுக்கு உரிமை உண்டு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு வரும் கலப்பு மின்திட்டம் டீசலை முழுதாக நிறுத்திவிடுமா?
— வாசகர், நெடுந்தீவு

முழுதாக நிறுத்தாது. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரியம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி மின்கலம், காத்திருப்புக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது திட்டம். மூன்று தீவுகளின் மாலைச் சுமை 600 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம்: மின்கலத்தை முழுதாக வடிக்காமல் 80 சதவீதம் எடுத்தால் 1,920 அலகு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதற்குப் பின் காற்று இருந்தால் காற்று, இல்லாவிட்டால் டீசல். கார்த்திகை மழையில் மூன்று நாள் முகில் மூடினால் டீசலின்றி முடியாது. டீசலைக் கைவிட்டுத் துருப்பிடிக்க விடாமல், வாரம் ஒருமுறை நல்ல சுமையில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; குறைந்த சுமையில் நெடுநேரம் ஓட்டினால் எரியாத எண்ணெய் புகைவழியில் படியும். கடற்காற்றின் உப்பு, சூரியப் படல்களின் இணைப்பிகளையும் இன்வேட்டரின் விசிறிகளையும்தான் முதலில் தின்னும். மாற்று உதிரிகள் தீவிலேயே இருக்க வேண்டும்; குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கக் கூடாது.

எங்கள் கூரைச் சோலார் 5 கிலோவாட். நண்பகல் 11 முதல் 2 மணி வரை இன்வேட்டர் அடிக்கடி நின்று நின்று வருகிறது. நிறுவியவர் 'மின்சார சபைப் பிழை' என்கிறார், அவர்கள் 'உங்கள் வயர்' என்கிறார்கள்.
— வாசகர், கோண்டாவில்

இருவரும் சரியாக இருக்கலாம்; அளந்துதான் பிரிக்க வேண்டும். இன்வேட்டரின் பிழைப்பதிவில் வோல்டேஜ் கூடியது என்று இருந்தால் இப்படிச் செய்யுங்கள். வெயிலுள்ள ஒரு நண்பகலில், தகுதியுள்ள மின்னியலாளரை வைத்து, இன்வேட்டர் முனையிலும் மீற்றர் முனையிலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் பாருங்கள். சட்டப்படி 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடக் குறைய: 216 முதல் 244 வரை.

மீற்றரில் 238, இன்வேட்டரில் 246 என்றால் குற்றம் உங்கள் வயரில். 5 கிலோவாட் ஒற்றைக் கட்டத்தில் 21.7 அம்பியர். 6 சதுர மில்லிமீட்டர்ச் செம்பு வயர் 60 மீட்டர் ஓடினால், போக வர 120 மீட்டருக்கு 0.37 ஓம், ஏற்றம் 8 வோல்ட். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் 3 வோல்ட்தான். நீண்ட வயருக்குப் பதில் இன்வேட்டரையே மீற்றருக்கு அருகில் கொண்டுவருவது சில வீடுகளில் மலிவு. தளர்ந்த முனையும் இதே அறிகுறி காட்டும். தொட்டால் சுடும் முனையைத் தேடுங்கள்.

மீற்றரிலேயே 244க்கு மேல் என்றால் குற்றம் வெளியே. மாலைச் சுமையில் வோல்டேஜ் விழாமல் இருக்க மின்மாற்றியின் படிநிலையை உயர்த்தி வைத்திருப்பார்கள்; நண்பகலில் ஊரெங்கும் கூரைகள் ஏற்றும்போது அது மேலும் ஏறுகிறது. ஒரு படி இறக்கினால் 2.5 சதவீதம், அதாவது 6 வோல்ட் அளவு குறையும். மின்சாரத்தை நிறுத்திவிட்டே மாற்ற வேண்டிய வேலை அது, சபைதான் செய்ய வேண்டும். ஒரே கட்டத்தில் பல சோலார் குவிந்திருந்தால் கட்டங்களைப் பிரித்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள். நாள், மணி, அளவு மூன்றும் எழுதிய தாளோடு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். இன்வேட்டரின் எல்லையை 255, 260 என்று கள்ளமாக ஏற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் அதற்கு விலை கொடுக்கும். நீர்ப்பம்பையும் சலவை இயந்திரத்தையும் நண்பகலுக்கு மாற்றினாலே சில வோல்ட் இறங்கும்.

மின்தடை வந்தால் கூரைச் சோலாரும் ஏன் நின்றுவிடுகிறது? 2025 ஏப்ரலில் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்களே, எதை முதலில் நிறுத்துவது?
— வாசகர், மட்டக்களப்பு

வழி துண்டிக்கப்பட்டிருக்கும்போது உங்கள் இன்வேட்டர் மின்சாரம் அனுப்பினால், கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிர் போகும். அதனால் வலையமைப்பின் வோல்டேஜும் மீடிறனும் தெரியாவிட்டால் இன்வேட்டர் தானே நின்றுவிடும். மின்தடையிலும் வேண்டுமென்றால் மின்கலமும், வீட்டை வழியிலிருந்து பிரிக்கும் ஆளியும் கொண்ட கலப்பு இன்வேட்டர் தேவை.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடித் தேவை அடியில் கிடந்ததால்தான் அந்த வேண்டுகோள் வந்தது. நிறுத்தும்போது பெரும்பாலான இன்வேட்டர்களில் முதலில் ஏசி சுற்றுடைப்பி, பிறகு டிசி ஆளி. திரும்ப இணைக்கும்போது முதலில் டிசி, பிறகு ஏசி. உங்கள் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஏசியை அணைத்ததும் இன்வேட்டர் மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிடும். அதன் பிறகு டிசி ஆளியைத் திறந்தால் பொறி எழாது. படல்களின் இணைப்பிகளை மட்டும் வெயில் நேரத்தில் கையால் பிடுங்க வேண்டாம். டிசி எனும் நேரோட்டம், ஏசி போல இடையிடையே பூச்சியத்தைத் தொடாது. எழுந்த மின்வில் தானாக அணையாமல் பிளாஸ்டிக்கை உருக்கிக் கையைச் சுடும். திரும்ப இணைத்ததும் இன்வேட்டர் ஒரு நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை வலையமைப்பைக் கவனித்துவிட்டுத்தான் ஓடத் தொடங்கும். அதற்குள் பழுது என்று நினைத்து மறுபடி அணைக்க வேண்டாம்.